பழைய 407: ஷாக் அப்சார்பர் மாற்றினால் போதுமா, பட்டையையும் (அடுக்கடுக்கான லீஃப் ஸ்பிரிங் தகடு) மாற்ற வேண்டுமா?

கோத்தகிரி_கேரட்

வணக்கம். 2006 மாடல் டாட்டா 407 சிறு லாரி வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிய வண்டி. கோத்தகிரி சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவது தொழில். ஏறும்போது உரம், கோழி எரு ஏதாவது கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் காலி வண்டிதான்.

பிரச்சினை இது. லோடோடு இறங்கும்போது வண்டி இடது பக்கம் சாய்ந்தே வருகிறது. வளைவு முடிந்து ஸ்டீயரிங்கை நேராக்கிய பிறகும் பாடி இரண்டு மூன்று தரம் ஆடிவிட்டுத்தான் அடங்குகிறது. பள்ளத்தில் விழுந்தால் பின் இடது பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். காலியாக ஏறும்போது பின்பக்கம் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுகிறது. என் இடுப்பு போய்விட்டது.

ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டேன். "நாலு சக்கரத்துக்கும் ஹெவி டியூட்டி கேஸ் ஷாக் போடுங்க, பின்பக்கம் தானா தூக்கிரும்" என்றார்கள். இன்னொரு பட்டறையில், "ஷாக்கெல்லாம் சும்மா, சைடுக்கு ஒரு பட்டை கூடப் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள். இரண்டு மாதத்தில் எஃப்.சி. (தகுதிச் சான்று) வருகிறது. இரண்டையும் செய்ய இப்போது கையில் காசு இல்லை. எதை முதலில் செய்யலாம்?

முட்டை_நாமக்கல்

பட்டை கூடப் போடாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். எனக்கும் 407தான், முட்டை லோடு. ஒரு பெட்டியில் 30 முட்டைத் தட்டு ஏழு, ஆக 210 முட்டை. நாலு வருடம் முன்பு ஊரில் ஒருவர் சொன்னார் என்று பின்பக்கம் சைடுக்கு ஒரு பட்டை ஏற்றினேன். முழு லோடில் ஒன்றும் தெரியவில்லை. பாதி லோடு போட்ட அன்றைக்குத்தான் தெரிந்தது. இறக்குமிடத்தில் பெட்டியைத் திறந்தால் அடித்தட்டு முழுக்க ஆம்லெட். அடுத்த வாரமே கழற்றிவிட்டேன்.

கேரட் உடையாது, சரி. ஆனால் நீங்கள் பாதி நேரம் காலியாக ஏறுகிறீர்களே. இப்போதே துள்ளுகிறது என்கிறீர்கள். இன்னொரு பட்டை போட்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

பட்டறை_மாமா

தம்பி, நாற்பது வருடமாகச் சங்ககிரியில் பட்டை வேலைதான் செய்கிறேன். எனக்கு முன்னால் வண்டி நிற்காமல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அது ஷாக் இல்லை. ஷாக்கை நாலையும் கழற்றிக் கிடாசிவிட்டு வண்டியை நிறுத்திப் பார். எந்த உயரத்தில் நின்றதோ அதே உயரத்தில்தான் நிற்கும். எடையைத் தாங்குவது பட்டை. ஷாக்குக்கு எடை தெரியாது, வேகம்தான் தெரியும்.

இந்த வாரமே ஒரு நாள் ஒதுக்கு. பின் சக்கரத்தைச் சுற்றி மண், எரு எல்லாம் பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவு. காய்ந்த பிறகு டார்ச் வைத்து ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் பார். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புக்குள்ளே, கட்டை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் பக்கத்திலே, பட்டைகளின் நடுவே போகும் சென்டர் போல்ட் ஓட்டைக்கு நேராக. பட்டை முறிவது பெரும்பாலும் அங்கேதான். கிளிப் பிடித்துக்கொண்டிருப்பதால் துண்டு கீழே விழாது, வெளியே பார்த்தால் முழுசாகத்தான் தெரியும். முறிந்த கோட்டில் செந்துரு வழிந்த தடம் இருக்கும். இரண்டு பக்கமும் எத்தனை பட்டை என்று எண்ணு. சிரிக்காதே, எண்ணு.

மூன்றாவது கை வண்டி என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது என்று நம்பவே நம்பாதே.

கோவை_மெக்கானிக்கல்

மாமா சொன்னதோடு அளவும் எடுத்துவிடுங்கள், பேச்சு சீக்கிரம் முடியும். சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். மலையில் அதற்கே தேட வேண்டும் என்று தெரியும், பெட்ரோல் பங்க் தளம் போதும். டயர் காற்று இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். பின் ஆக்சிலுக்கும் அதற்கு மேலே சேஸில் இருக்கிற ரப்பர் பஃபருக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர்? காலியாக ஒரு தரம், வழக்கமான லோடோடு ஒரு தரம். அப்புறம் ஷாக்கின் மேல் புஷ் (மாட்டும் இடத்து ரப்பர் வளையம்) நடுவிலிருந்து கீழ் புஷ் நடுவரைக்கும் உள்ள நீளம், அதுவும் இரண்டு நிலையிலும். வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) கிடைத்தால் ஒவ்வொரு பட்டையின் தடிமனும் வேண்டும்.

லோடு எவ்வளவு என்று ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கோத்தகிரி_கேரட்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. மாமா, உங்களுக்கு ஒரு கும்பிடு.

காலியாக: பஃபர் இடைவெளி வலது 81 மி.மீ., இடது 58. லோடோடு: வலது 21, இடது ரப்பரில் உட்கார்ந்தேவிட்டது, இடைவெளியே இல்லை. ஷாக் நீளம் வலது பக்கம் காலியில் 470, லோடில் 410. இடது ஷாக்கின் கீழ்ப் பாதி எண்ணெய் வழிந்து மண் அப்பிக் களிமண் பொம்மை மாதிரி இருக்கிறது. வலது காய்ந்துதான் இருக்கிறது, ஆனால் மேல் புஷ் ரப்பர் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்துவிட்டது.

இடது கட்டில் மேலிருந்து நாலாவது பட்டை முறிந்திருக்கிறது. கிளிப்புக்கு அரை அங்குலம் உள்ளே, செந்துரு வழிந்து, அப்படியே நீங்கள் சொன்ன மாதிரி. ஹெல்பர் (லோடு ஏறினால் உதவும் துணைப் பட்டை) தவிர இரண்டு பக்கமும் ஒன்பது பட்டைதான். ஆனால் வலது பக்கம் ஒரு பட்டை மட்டும் 10 மி.மீ. தடிமன். மற்றதெல்லாம் 8. முன்னால் வைத்திருந்த யாரோ கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள் போல.

லோடு: மூட்டை 50 கிலோ. வழக்கமாக 50 மூட்டை. சீசனில் 62 வரைக்கும் போகும். அளவெடுத்த அன்று 62.

கோவை_மெக்கானிக்கல்

அருமை. இப்போது கணக்குப் போடலாம், பயப்படாதீர்கள், பெருக்கல் மட்டும்தான்.

பட்டையின் விறைப்பு அதன் தடிமனைப் பொறுத்து நேராக ஏறாது. தடிமனை மூன்று முறை தன்னோடு தானே பெருக்கினால் வரும் எண்ணைப் பொறுத்து ஏறும். 8 மி.மீ. பட்டைக்கு 8 × 8 × 8 = 512. 10 மி.மீ. பட்டைக்கு 1000. அதாவது இரண்டே மில்லிமீட்டர் கூடுதல், ஆனால் ஒரு பட்டை கிட்டத்தட்ட இரண்டு பட்டையின் வேலையைச் செய்கிறது. 7 மி.மீ. இருந்த இடத்தில் 8 போட்டால்கூட அந்தப் பட்டையின் விறைப்பு ஒன்றரை மடங்கு. கடையில் "கொஞ்சம் கனமான பட்டை" என்று சாதாரணமாகச் சொல்லுவார்கள். அந்தக் கொஞ்சம் கொஞ்சம் இல்லை.

உங்கள் வலது கட்டு: எட்டு பட்டை 512 வீதம் 4096, அதோடு 1000, மொத்தம் 5096. இடது கட்டில் முறிந்ததைக் கழித்தால் எட்டு பட்டை, 4096. வலது பக்கம் இடதைவிட ஏறத்தாழ 24 சதவீதம் விறைப்பு. வலது 60 மி.மீ. இறங்குகிற எடைக்கு இடது 74 மி.மீ. இறங்க வேண்டும். ஆனால் அங்கே இருப்பதே 58 தான். ஆகவே ரப்பரில் உட்கார்ந்துவிட்டது. ஹெல்பரை இதில் சேர்க்கவில்லை, பட்டைகளின் நீள வித்தியாசத்தையும் விட்டுவிட்டேன், ஆனால் கதை இதுதான். உங்கள் 'டக்' சத்தமும் இதுதான். நசுங்கி இறுகிப்போன பஃபரில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆக்சில் போய் மோதுகிறது.

இந்த நிலையில் நாலு கேஸ் ஷாக் வாங்கிப் போட்டிருந்தால் புது ஷாக்கோடு அதே சாய்வில் ஓட்டியிருப்பீர்கள்.

சேலம்_709

முறிந்தது முறிந்துவிட்டது. இதுதான் சமயம், இதைவிடப் பெரிய 709 லாரியின் பட்டை செட்டை அப்படியே மாட்டிவிடுங்கள். என் மச்சான் போட்டிருக்கிறான், நாலு டன் ஏற்றினாலும் அசையாது. அதோடு 2018-லேயே மத்திய அரசு ஆக்சில் லோடை ஏற்றிவிட்டதே, இப்போது என்ன பயம்?

பட்டறை_மாமா

அசையாது. அதுதானே பிரச்சினை. அசைய வேண்டியது அசையாவிட்டால் அசையக்கூடாதது அசையும். சேஸில் விரிசல் விட்டு, பட்டையைச் சேஸில் மாட்டும் ஹேங்கர் பிராக்கெட்டின் ரிவிட் அறுந்து என் பட்டறைக்கு வந்த 407 எத்தனை என்று உன் மச்சானைக் கேட்கச் சொல்லாதே, என்னைக் கேள்.

பட்டையைக் கனமாக்கினால் பிரேக் பெரிதாகுமா? ஆக்சில் ஹவுசிங் கெட்டியாகுமா? டயர்? எல்லாம் அதே 407 தான். கோத்தகிரி இறக்கத்தில் நாலு டன்னை நிறுத்தப் போவது பட்டை இல்லை தம்பி.

கோவை_மெக்கானிக்கல்

2018 விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் இது அடிக்கடி வருகிறது. அந்த ஜூலை அறிவிப்பில் ஏற்றியது ஆக்சிலுக்கான உச்ச வரம்பு. நாலு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன் இருந்தது 11.5 ஆனது, பெரிய இரண்டு ஆக்சில் லாரியின் மொத்த எடை 16.2-லிருந்து 18.5 ஆனது. 407 அந்த வரம்பின் பக்கத்திலேயே இல்லை. அதற்கு ஆர்.சி. புத்தகத்தில் என்ன எடை எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. பட்டை கனமாக இருக்கிறது என்று எடை மேடையில் காட்டித் தப்பிக்க முடியாது.

இன்னொன்று. வேறு வண்டியின் பட்டை வாங்கும்போது அகலம், கண்ணிலிருந்து (பட்டை நுனி வளையம்) கண்ணுக்கு உள்ள நீளம், கண் ஓட்டை அளவு, சென்டர் போல்ட் எந்த இடத்தில் விழுகிறது, எல்லாம் பொருந்த வேண்டும். சென்டர் போல்ட் 10 மி.மீ. தள்ளி விழுந்தால் ஆக்சிலும் 10 மி.மீ. தள்ளி உட்காரும். ஒரு பக்கம் மட்டும் அப்படி ஆனால் வண்டி நண்டு மாதிரி குறுக்கே ஓடும், டயர் ஒரு ஓரமாகவே தேயும்.

யாழ்_வடமராட்சி

குறுக்கே ஒரு சந்தேகம். பட்டை, பட்டை என்று எல்லோரும் எழுதுவதைப் பார்த்து நான் முதலில் குழம்பிப் போனேன். எங்கள் பக்கம் பட்டா என்றால் டாட்டா ஏஸ் வாகனம். 'டிமோ பட்டா' என்ற பேரில் வந்தபடியால் ஊரெல்லாம் அதே பேர். "407-க்கு எத்தனை பட்டை" என்று வாசித்ததும், ஒரு லொறிக்கு மேல் ஒன்பது பட்டா ஏற்றுகிறார்களோ என்று நினைத்துவிட்டேன்.

முட்டை_நாமக்கல்

ஒன்பது ஏஸ்! சிரித்து முடியவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அதையும் ஏற்றிப் பார்த்துவிடுவார்கள், நீங்கள் வேறு வழி காட்டாதீர்கள்.

கோத்தகிரி_கேரட்

சரி, பட்டைதான் என்று புரிந்துவிட்டது. இப்போது கேள்வி மாறுகிறது. முறிந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றுவதா, இடது கட்டு முழுக்கவா, இரண்டு பக்கமுமா? பட்டறையில் "ஒரு பட்டையைப் போட்டு மற்றதைக் கேம்பர் அடித்துத் தருகிறேன்" என்கிறார்கள். செலவு பாதிக்கும் கீழே.

பட்டறை_மாமா

கேம்பர் அடிப்பதில் இரண்டு விதம். ஒன்று, பட்டையை அப்படியே பச்சையாக வைத்துச் சம்மட்டியால் அடித்து வளைப்பது. அரை நாளில் முடியும். வண்டியும் தூக்கி நிற்கும், உனக்கும் சந்தோஷம். மூன்று நாலு மாதத்தில் மறுபடி படுத்துவிடும். இன்னொன்று, உலையில் சிவக்கக் காய்ச்சி, வளைவு கொடுத்து, எண்ணெயில் தோய்ச்சல் வைத்து, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதம் எடுப்பது. அது சரியான வேலை. ஆனால் சூட்டை அளந்து செய்கிறவன் செய்ய வேண்டும். அதிகம் போனால் பட்டை கண்ணாடி மாதிரி ஆகி முறியும், குறைந்தால் கம்பி மாதிரி வளையும். கண்ணால் நிறம் பார்த்துச் செய்கிற ஆட்கள் இப்போது குறைவு. எனக்கே கண் மங்கிவிட்டது, இப்போது நான் செய்வதில்லை.

உன் பட்டைக்கு வயது இருபதை நெருங்குகிறது. அதுவும் கோழி எரு ஏற்றுகிற வண்டி. எரு ஈரத்தில் துரு எப்படிக் குழி போடும் என்று தெரியுமா? அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். நாலாவது முறிந்த இடத்தில் ஐந்தாவது காத்துக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் புதுக் கட்டு போடு. ஹெல்பர் நன்றாக இருந்தால் அதை விட்டுவிடு. புதுசு போடும்போது யூ போல்ட்டும் சென்டர் போல்ட்டும் புதுசாக இருக்கட்டும். பழைய யூ போல்ட் ஒரு தரம் இழுத்து நீண்டுபோனது, திரும்ப முறுக்கினால் பிடிக்காது. அதில் மிச்சம் பிடிக்காதே.

கோவை_மெக்கானிக்கல்

வாங்கும்போது ஒரு சின்ன விஷயம். கடையில் பட்டையைக் கிலோ கணக்கில் விற்பார்கள், அதனால் கனமாக இருந்தால் கடைக்காரருக்கு லாபம், உங்களுக்கும் 'ஸ்ட்ராங்' என்று திருப்தி. வெர்னியரைக் கையில் எடுத்துப் போங்கள். உங்கள் மாடலுக்கு உரிய தடிமன், எண்ணிக்கை என்னவோ அதைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி டீலர் செட், அல்லது ஜம்னா மாதிரி லாரிக் கம்பெனிகளுக்கே பட்டை சப்ளை செய்கிறவர்களின் செட். இரண்டு பக்கமும் ஒரே பேக்கிங்கிலிருந்து வரட்டும்.

கண் புஷ், பின், பட்டையின் நுனியைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிள் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். புஷ் தேய்ந்திருந்தால் புதுப் பட்டையும் அதே ஆட்டம் ஆடும். ரப்பர் புஷ் என்றால், சக்கரம் தரையில் இருந்து வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் பின்னைக் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

ஓய்வு_டிரைவர்

நான் முப்பது வருடம் மலை வண்டி ஓட்டியவன். தம்பி ஆட்டத்தைப் பற்றி எழுதியிருந்தார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆட்டத்தில் பாதி ஷாக், பாதி மூட்டை. 62 மூட்டை என்றால் கட்டாயம் பலகைக்கு மேலே போயிருக்கும். உயரத்தில் ஐந்நூறு கிலோ வைத்துவிட்டு ஷாக்கைத் திட்டக்கூடாது. கேரட்டைக் கழுவி ஈரத்தோடு ஏற்றினால் மூட்டை எடையும் நீங்கள் நினைப்பதைவிடக் கூடத்தான் இருக்கும்.

இன்னொரு யோசனை. இடது பட்டை முறிந்து எத்தனை நாளாக ஓடியதோ. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்ததா? இழுத்திருந்தால் முன் பக்கத்தையும் பாருங்கள். முன் பட்டை படுத்துவிட்டால் ஆக்சில் கோணம் மாறும், ஸ்டீயரிங் ராடின் கோணமும் மாறும். பள்ளத்துக்குப் பள்ளம் ஸ்டீயரிங் கையைத் தட்டும்.

கோத்தகிரி_கேரட்

இழுக்கவில்லை ஐயா. முன் பக்கம் அளந்தேன், இரண்டு பக்கமும் 4 மி.மீ. வித்தியாசம்தான். முறிவும் இல்லை. முன் ஷாக் இரண்டில் ஒன்றில் லேசான ஈரம். ஆட்டத்துக்கு நீங்கள் சொன்னது உறைத்தது. 62 போட்டால் ஒன்பதாவது அடுக்கு பலகையைத் தாண்டித்தான் நிற்கும்.

ஷாக்குக்கு வருவோம். கடைக்காரர் ஹெவி டியூட்டி கேஸ் ஷாக்கை எடுத்துக் காட்டினார், அளந்து வந்தேன். முழுக்க அமுக்கினால் 375 மி.மீ., முழுக்க இழுத்தால் 560. சாதாரண ஷாக் அமுக்கி 345, இழுத்து 540. நீளம் கூட இருப்பது நல்லதுதானே?

கோவை_மெக்கானிக்கல்

அளந்து வந்ததற்கே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும். ஷாக் வாங்குகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட இதைச் செய்வதில்லை.

உங்கள் வண்டிக்குத் தேவையான அளவை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். லோடில் வலது பக்கம் ஷாக் நீளம் 410, பஃபர் இடைவெளி 21. ஆக்சில் பஃபரைத் தொடும்போது ஷாக் 390-க்கு வந்திருக்கும். பெரிய பள்ளத்தில் நல்ல ரப்பர் இன்னும் ஒரு 25 மி.மீ. நசுங்கும். அப்போது 365. எனவே முழுக்க அமுங்கிய நீளம் 365-க்குக் கீழே இருந்தே ஆக வேண்டும். அந்தக் கேஸ் ஷாக் 375-இலேயே முடிந்துவிடுகிறது. ரப்பர் தன் வேலையை முடிப்பதற்குள் ஷாக்கின் உள்ளே இரும்பு இரும்பில் முட்டும். வண்டியின் மொத்த அடியையும் அந்த ஒரு சின்ன போல்ட்டும் பிராக்கெட்டும் வாங்கும். 'புது ஷாக் ஒரு மாதத்தில் பிராக்கெட்டோடு பிய்ந்துவிட்டது' என்று வருகிற புகார்களில் நிறைய இந்த வகைதான்.

345 சரியாக இருக்கிறது, 20 மி.மீ. மிச்சம். மறுபக்கம், வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி ஆக்சில் முழுக்கத் தொங்கும்போது ஷாக் இடத்தை அளந்து பாருங்கள். அது 540-க்குள் வர வேண்டும். வராவிட்டால் ஷாக்கே கயிறு மாதிரி ஆக்சிலை இழுத்துப் பிடிக்கும், அதுவும் கெடுதல். ஆனால் புதுப் பட்டை போட்ட பிறகு அளவெடுங்கள், இப்போது எடுப்பது பழைய படுத்த பட்டையின் அளவு.

முட்டை_நாமக்கல்

நான் இதெல்லாம் பார்க்காமல் வாங்கி ஏமாந்தவன். பெயர் தெரியாத மலிவு ஷாக், பத்து மாதம்கூட வரவில்லை.

சரி, கேஸ் வேண்டுமா சாதாரணமே போதுமா? அதையும் சொல்லிவிடுங்கள். என் புது வண்டியில் முன்னால் பட்டை இரண்டு மூன்றுதான், நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து இருக்கிறது. அதில் ஷாக் கொஞ்சம் தளர்ந்தாலே உடனே தெரிகிறது. 407-இல் ஷாக் செத்தே ஆறு மாதம் தெரியாமல் ஓட்டியிருக்கிறேன். ஏன் அப்படி?

கோவை_மெக்கானிக்கல்

நல்ல கேள்வி. ஒன்பது பட்டை ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும்போது வளைகிற ஒவ்வொரு தரமும் பட்டைகள் ஒன்றோடொன்று உரசும். அந்த உராய்வே பாதி ஷாக் வேலையைப் பார்த்துவிடும். பழைய கட்டில் துருவும் சேர்ந்தால் உராய்வு இன்னும் கூடும். அதனால்தான் காலியாக ஏறும்போது பட்டை வளையவே மறுத்து, சின்னக் குழியில்கூட வண்டியைத் தூக்கி எறிகிறது. உங்கள் புது வண்டியில் இருப்பது பாரபோலிக் பட்டை. பட்டைக்குப் பட்டை நடுவில் இடைவெளி, உரசல் குறைவு, சவாரி மெத்தென்று இருக்கும். ஆனால் ஆட்டத்தை அடக்குகிற பொறுப்பு முழுக்க ஷாக்கின் தலையில்.

கேஸ் பற்றி: ஷாக்கினுள் எண்ணெய் வேகமாக நுரைத்தால் பிடிமானம் போய்விடும். நைட்ரஜன் அழுத்தம் அந்த நுரையைத் தடுக்கிறது. கரடுமுரடான சாலையில் விடாமல் மணிக்கணக்கில் ஓடுகிற வண்டிக்கு அது பயன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பத்து சொச்சம் கிலோமீட்டர், அதுவும் வேகம் இல்லை. சரியான நீளத்தில் கிடைத்தால் கேஸ் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் காப்ரியல் மாதிரி நல்ல கம்பெனியின் சாதாரண எண்ணெய் ஷாக்கே தாராளம். கேஸ் அழுத்தத்தால் வண்டி தூக்கும் என்பது மட்டும் வேண்டாம். அந்தக் கம்பியை உங்கள் இரண்டு கையாலேயே அமுக்கிவிடலாம். உங்கள் கை அமுக்குகிற ஒன்று மூன்று டன்னைத் தூக்குமா?

பட்டறை_மாமா

மாட்டுவதற்கு முன் புது ஷாக்கை நேராக நிறுத்தி ஐந்தாறு தரம் முழுக்க இழுத்து முழுக்க அமுக்கு. பெட்டியில் படுத்தே கிடந்ததில் உள்ளே காற்றுக் குமிழ் போயிருக்கும். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு 'புது ஷாக்கே சத்தம் போடுகிறது' என்று கடையில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எப்போதும் ஜோடியாக மாற்று. பின்னால் இரண்டு, முன்னால் இரண்டு. முன்னால் லேசான ஈரம்தான் என்றால் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார். மறுபடி சொட்டினால் மாற்று, வெறும் ஈரம் என்றால் அடுத்த சீசன் வரை விடு. காசில்லை என்றாயே.

கோத்தகிரி_கேரட்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பீட்ரூட் சீசன்.

பின்பக்கம் இரண்டு கட்டும் புதுசு. ஒன்பது பட்டை, எல்லாம் 8 மி.மீ., கடையில் வைத்தே வெர்னியரில் அளந்தேன். கடைக்காரர் என்னை ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆள் என்று நினைத்துவிட்டார், ரொம்ப மரியாதை. யூ போல்ட், சென்டர் போல்ட், புஷ், பின், இரண்டு பக்க ரப்பர் பஃபர் எல்லாம் புதுசு. பின் ஷாக் இரண்டும் சாதாரண எண்ணெய் வகைதான், 345 நீளம். ஆக்சிலைத் தொங்கவிட்டு அளந்தேன், 528. முன் ஷாக்கைத் துடைத்துவிட்டு விட்டிருக்கிறேன், இன்னும் சொட்டவில்லை.

இப்போது காலியில் பஃபர் இடைவெளி வலது 92, இடது 90. 50 மூட்டைக்கு இரண்டு பக்கமும் 40-ஐ ஒட்டி நிற்கிறது. 'டக்' சத்தம் போன இடம் தெரியவில்லை. வளைவு முடிந்ததும் ஒரே ஆட்டம், அதோடு நின்றுவிடுகிறது. எஃப்.சி. முடிந்தது. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் என்பதால் அடுத்த வருடமும் இதே பாடு.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். 62 போடுவதை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல ஆசை. 54 வரைக்கும் போடுகிறேன். பலகைக்கு மேலே ஏற்றுவதில்லை.

காலியாக ஏறும்போது துள்ளல் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. அதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

ஓய்வு_டிரைவர்

மூன்று டன் பக்கம் ஏற்றும் வண்டி காலியாகப் போனால் துள்ளத்தான் செய்யும். காலியாக ஏறும் நாளில் பின் டயர் காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், லோடுக்கு வைத்த காற்றிலேயே ஏறினால் டயரும் சேர்ந்து துள்ளும். ஆனால் குறைத்தால் இறங்கும்போது மறக்காமல் திரும்ப ஏற்ற வேண்டும். மறப்பவர் என்றால் குறைக்கவே வேண்டாம். சீட்டுக்கு நல்ல மெத்தை வாங்குங்கள்.

பட்டறை_மாமா

500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்கினாயா? புதுப் பட்டை ஒன்றோடொன்று உட்கார்ந்ததும் பிடி தளரும். தளர்ந்த யூ போல்ட்டில்தான் சென்டர் போல்ட் அறும்.

கோத்தகிரி_கேரட்

முறுக்கினேன் மாமா. எட்டு நட்டில் மூன்று அரைச் சுற்று போனது. நீங்கள் சொல்லாவிட்டால் தொட்டிருக்கவே மாட்டேன்.

பட்டறை_மாமா

பழைய பட்டையை என்ன செய்தாய்? இரும்புக் கடையில் போட்டுவிடாதே.

கோத்தகிரி_கேரட்

போடவில்லை. எங்கள் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குக் கவாத்துக் கத்தி அடிக்கிற கொல்லர் ஒருவர் இருக்கிறார், பட்டையைக் கழற்றிய அன்றே வந்து நின்றார். முறிந்ததையும் அந்த 10 மி.மீ. பட்டையையும்தான் முதலில் எடுத்தார். காசு வாங்கவில்லை, எனக்கு இரண்டு கத்தி அடித்துத் தருவதாகப் பேச்சு.

பட்டறை_மாமா

ஒன்று எனக்கு.